மூன்றாம் சீல் வாங்குவதற்கு முன்னால்

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். சேரன்மகாதேவியில் கன்னடியன் கால்வாய்க் கரையோரம் எங்கள் வீடு. தாத்தா மரக் காண்டிராக்ட் எடுத்த காலத்தில் வாங்கிப்போட்ட டாட்ஜ் முக்கால் டன் ராணுவ வண்டி இன்னமும் எங்களிடம் ஓடுகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஷெட்டுக்குள் தண்ணீர் புகுந்து, சக்கரத்தில் பாதிக்கு மேல் மூழ்கி ஒன்றரை நாள் நின்றது. வடிந்த பிறகு இன்ஜினை மட்டும் பிரித்துப் பார்த்தோம். கொஞ்ச காலமாகப் பின்பக்க இடது சக்கரத்தின் உள்புறம் எண்ணெய் ஒழுகுகிறது. காலையில் பார்த்தால் தரையில் ஒரு தட்டு அளவுக்குக் கறை. பிரேக் பிடித்தால் வண்டி வலது பக்கம் இழுக்கிறது. 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் 'ஊ' என்று ஒரு சத்தம்; வலது பக்கம் வளைத்தால் அது கூடுகிறது. உள்ளூர் மெக்கானிக் ஹப் சீலை, அதாவது சக்கரத்தின் நடுக் குடத்தில் ஒழுக்கைத் தடுக்கும் வளையத்தை, இரண்டு முறை மாற்றிவிட்டார். பத்துப் பதினைந்து நாளில் பழையபடி ஒழுக்கு. சக்கரத்தைக் கழற்றும்போது, நட்டு மாட்டுகிற வீல் ஸ்டட் இரண்டு வேறு முறிந்தன. துரு என்று சொன்னார். ஆயில் குறைந்துவிடக் கூடாது என்று நான் அவ்வப்போது பின் ஆக்ஸிலின் நடுவில் இருக்கும் கியர் உருண்டையில் (டிஃப்ரன்ஷியல்) ஊற்றிவருகிறேன். இதைவிட நல்ல சீல் எங்கே கிடைக்கும்? ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வீட்டு ஆட்கள் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு போகலாமா?

பதில்: தம்பி, சீல் எங்கே கிடைக்கும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு இப்போது அவசரம் இல்லை. மூன்றாவதாக ஒரு சீல் வாங்கி மாட்டினாலும் அதுவும் பதினைந்து நாள்தான் தாங்கும்.

நீங்கள் கால்வாய்க் கரைக்காரர், அதனால் இப்படிச் சொன்னால் சட்டென்று புரியும். மடையில் பலகை போட்டுத் தண்ணீரை நிறுத்துகிறோம். பலகை உட்காரும் கல் ஆட ஆரம்பித்துவிட்டால் தேக்குப் பலகை போட்டாலும் ஓரத்தில் கசியத்தான் செய்யும். பலகையைக் குறை சொல்லிப் பயனில்லை, கல்லைப் பார்க்க வேண்டும். உங்கள் சக்கரத்தில் சீல்தான் பலகை. கல் என்பது பேரிங், அது உட்காரும் ஸ்பிண்டில், உள்ளேயிருந்து ஆயிலைத் தள்ளுகிற காற்று, எல்லாம் சேர்ந்தது. உங்கள் கடிதத்திலேயே இதற்கான தடயம் நாலைந்து இருக்கிறது. வெள்ளத்தில் நின்றிருக்கிறது, வளைவில் சத்தம் கூடுகிறது, மேலே மேலே ஆயில் ஊற்றியிருக்கிறீர்கள். இவ்வளவையும் வைத்துக்கொண்டு சீலை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

முதலில் அந்த ஸ்டட் விஷயத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துரு இல்லை தம்பி. டாட்ஜ் வண்டிகளில் இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. நாம் வழக்கமாகக் கழற்றுகிற திசையில் திருகினால் அது இறுகும். ஸ்டட்டின் முனையைத் துடைத்துப் பாருங்கள், 'எல்' என்ற ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். அசையவில்லையே என்று ஸ்பானரில் நீளக் குழாயை மாட்டி இரண்டு பேர் தொங்கியிருப்பார்கள், ஸ்டட் முறிந்திருக்கும். மாற்று ஸ்டட் போடும்போது அதே இடது மரையிலேயே போடுங்கள், நட்டும் அதற்கு ஜோடியாக இருக்கட்டும். வலது மரை ஸ்டட்டை அங்கே அடித்து வைத்தால் அடுத்து வருகிறவன் இன்னும் குழம்பிப்போவான்.

அடுத்து, ஒழுகுவது எது என்று தெரிய வேண்டும். அந்தச் சக்கரத்துக்குள் மூன்று சங்கதி இருக்கிறது: கியர் ஆயில், கிரீஸ், பிரேக் ஆயில். மூன்றும் தூசியோடு சேர்ந்தால் கறுப்பாகத்தான் தெரியும். பிரேக் பிளேட்டின் அடியில் சொட்டுவதை விரலில் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோங்கள். கியர் ஆயில் என்றால் கெட்டியாக வழுக்கும், பட்டாசு வெடித்த மறுநாள் தெருவில் வருமே, அந்தக் கந்தக வாடை அடிக்கும். பிரேக் ஆயில் தண்ணியாக இருக்கும். சந்தேகம் என்றால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். பிரேக் ஆயில் கரைந்துவிடும், மற்ற இரண்டும் மிதக்கும். பிரேக் ஆயிலாக இருந்தால் நான் கீழே எழுதப்போவதில் பாதி உங்களுக்கு வேண்டாம், வீல் சிலிண்டரைப் பிரித்தால் போதும். ஆனால் தட்டு அளவுக் கறை என்கிறீர்கள். அவ்வளவு பிரேக் ஆயில் போயிருந்தால் பெடல் தரையைத் தொட்டிருக்கும், அதை நீங்கள் எழுதாமல் விட்டிருக்க மாட்டீர்கள். அதனால் கியர் ஆயில் என்றே வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

இந்த வண்டியின் பின் ஆக்ஸில் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் மனசில் வாங்கிக்கொள்ள வேண்டும். சக்கரத்தின் நடுவில் வட்டமாக நட்டுகள் போட்டு ஒரு மூடி மாதிரி இருக்கிறதல்லவா, அதுதான் ஆக்ஸில் ஷாஃப்டின் தலை. ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள் வருகிறது. அந்தக் குழாயின் முனைக்குப் பெயர் ஸ்பிண்டில். ஸ்பிண்டிலின் மேல் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங், அவற்றின் மேல் ஹப், ஹப்பில் டிரம்மும் சக்கரமும். வண்டியின் பாரம் முழுக்க ஸ்பிண்டில் தாங்குகிறது. ஷாஃப்ட் பாரம் தாங்குவதில்லை, சக்கரத்தைச் சுற்றிவிடுவது மட்டும்தான் அதன் சோலி. சக்கரம் தரையில் நிற்கும்போதே ஷாஃப்டை உருவிவிடலாம், வண்டி அப்படியே நிற்கும். இதைத்தான் ஃபுல் ஃப்ளோட்டிங் என்பார்கள்.

டிஃப்ரன்ஷியலில் இருக்கும் கியர் ஆயில் குழாய்க்குள் ஷாஃப்ட் வழியாகவே நடந்து முனை வரைக்கும் வரும். அங்கே அதை நிறுத்த ஒரு சீல் இருக்க வேண்டும். ஹப்புக்குள் இருக்கும் கிரீஸ் டிரம் பக்கம் போகாமல் இருக்க ஹப்பின் உள்வாயில் இன்னொரு சீல். சீல் உட்காரும் இடம் வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும், ஆனால் காவல் இரண்டு. உங்கள் மெக்கானிக் மாற்றியது இரண்டாவதை மட்டும். முதல் காவல் போய்விட்டால் கியர் ஆயில் ஹப்புக்குள் இறங்கி, கிரீஸைக் கரைத்துக் கூழாக்கி, எவ்வளவு புது ஹப் சீலாக இருந்தாலும் தாண்டிப் போய்விடும். அந்தச் சீல் கிரீஸுக்கு என்று செய்தது, தண்ணியாக ஓடுகிற ஆயில் பின்னாலிருந்து நெருக்கினால் தாங்காது. ஹப்பைப் பிரிக்கும்போது உள்ளே கிரீஸ் கிரீஸாகவே இருக்கிறதா, ரசம் மாதிரி ஓடுகிறதா என்று பாருங்கள். ரசமாக இருந்தால் திருடன் உள்ளேயிருந்து வருகிறான் என்று அர்த்தம்.

உள்ளேயிருந்து ஏன் வருகிறது? முதல் காரணம் உங்கள் கை. ஒழுகுகிறதே என்று மேலே ஊற்றிக்கொண்டே இருந்தீர்கள். டிஃப்ரன்ஷியலில் ஆயில் ஊற்றுகிற ஓட்டையின் மூடியை, அதுதான் பில்லர் பிளக், கழற்றினால் ஆயில் அந்த ஓட்டையின் கீழ் உதட்டுக்குச் சமமாக நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மேல் ஏறினால் குழாய்க்குள் தானாகவே ஓடும். வண்டி நிற்கும் தரையையும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஷெட் தரை இடது பக்கம் சரிந்திருந்தால் ராத்திரி முழுக்க ஆயில் அந்தச் சக்கரத்தை நோக்கித்தான் போயிருக்கும். காலையில் பார்த்தால் தட்டு அளவுக்குக் கறை என்று எழுதியிருப்பதால் எனக்கு இந்தச் சந்தேகம் பலமாக இருக்கிறது.

இரண்டாவது காரணம் பிரீதர், ஆக்ஸில் மூச்சுவிடுகிற ஓட்டை. இதில் நான் பட்ட பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். ராணுவப் பட்டறையில் சேர்ந்த புதிதில் ஒரு லாரிக்கு ஒரே வாரத்தில் மூன்று தடவை சீல் மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் வண்டி ஒரு ஓட்டம் போய்விட்டு நனைந்த டயரோடு திரும்பிவரும். எங்கள் உஸ்தாத் ஒரு பஞ்சாபி ஹவில்தார். மூன்றாம் தடவை நான் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு சீல் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தபோது, கையில் டீ டம்ளரோடு வந்து குனிந்தார். ஒன்றும் பேசவில்லை. ஸ்பானரை வாங்கிப் பில்லர் பிளக்கை ஒரு சுற்றுத் தளர்த்தினார். குக்கர் மாதிரி 'புஸ்' என்று சத்தம் வந்தது, ஆயில் தெறித்து என் முகத்தில் பாதி, அவர் டீயில் பாதி. டீயைக் கீழே ஊற்றிவிட்டு, ஆக்ஸிலின் முதுகில் மண் மூடிக் கிடந்த ஒரு சின்ன மூடியை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுப் போய்விட்டார். ஒரு கம்பியை விட்டுக் குத்தியதும் அடைப்புப் போனது. அந்த வண்டிக்கு அப்புறம் சீல் மாற்றவில்லை.

ஓடும்போது ஆக்ஸில் சூடாகும், உள்ளே இருக்கும் காற்று விரியும். அது வெளியே போக வைத்த வழிதான் பிரீதர். வழி அடைத்தால் காற்று சீலின் உதட்டைத் தூக்கிக்கொண்டு ஆயிலோடு வெளியே வரும். உங்கள் வண்டி வண்டலில் ஒன்றரை நாள் நின்றது, அந்த மூடிக்குள் என்ன போயிருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். வெள்ளமே வராவிட்டாலும் நம் ஊரில் குளவி ஒன்று போதும், இந்த மாதிரிச் சின்ன ஓட்டைதான் அதற்குக் கூடு கட்டத் தோதான இடம். நாளைக்கே ஒரு இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, முகத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு, பில்லர் பிளக்கைத் தளர்த்திப் பாருங்கள். 'புஸ்' வந்தால் பாதி வியாதி அங்கேதான். பிரீதரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, வாயால் ஊதிப் பார்த்து மாட்டுங்கள். வசதிப்பட்டால் அந்த இடத்தில் ஒரு நிப்பிள் வைத்து, பெட்ரோல் ஹோஸை சேசிஸுக்கு மேலே வரை ஏற்றி, வாயைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டிவிடுங்கள். சூடான ஆக்ஸில் தண்ணீரில் இறங்கினால் உள்காற்று சுருங்கி, பிரீதர் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சும். ஆற்றங்கரை வண்டிக்கு இந்த ஹோஸ் அவசியம்.

தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது, வடிந்த பிறகு இன்ஜினை மட்டும் பார்த்தோம் என்கிறீர்களே! பிரித்ததோடு பிரித்ததாக டிஃப்ரன்ஷியலின் அடியில் ஆயிலை இறக்குகிற டிரெயின் பிளக்கையும் திறந்திருக்க வேண்டும். இப்போதாவது, வண்டி ஒரு ராத்திரி முழுக்க அசையாமல் நின்ற பிறகு, காலையில் டிரெயின் பிளக்கைப் பையத் தளர்த்துங்கள். தண்ணீர் அடியில் தங்கும், முதலில் அதுதான் வரும். ஆயில் பாலூற்றிய காப்பி நிறத்தில் வந்தால் மொத்தத்தையும் இறக்கிவிடுங்கள். கொஞ்சம் புது ஆயில் விட்டு ஓட்டி, அதையும் இறக்கிவிட்டு, பிறகு 90 நம்பர் கியர் ஆயில் அளவாக விடுங்கள். முன் ஆக்ஸில், கியர்பாக்ஸ், முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம். இத்தனை நாள் விட்டதற்கு உள்ளே பல் எல்லாம் எப்படி இருக்கிறதோ, அந்தச் சொரிமுத்து அய்யனாருக்குத்தான் வெளிச்சம்.

இனி ஹப்பைப் பிரிக்கிற வேலை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். ஹேண்ட் பிரேக்கை நம்பவே கூடாது. இந்த வண்டியின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்றைத் தூக்கிவிட்டாலோ, ஒரு ஆக்ஸில் ஷாஃப்டை உருவிவிட்டாலோ டிஃப்ரன்ஷியல் வழியாக எல்லாம் சுற்றிக்கொள்ளும், வண்டி உருண்டுவிடும். ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்த பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். செங்கல் அடுக்குகிற பழக்கம் நம் பக்கம் இருக்கிறது, அது வேண்டாம். செங்கல் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு உடையாது.

சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் அதை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். 'கடக்' என்று ஆட்டம் தெரிந்தால் பேரிங் தளர்ந்திருக்கிறது. தளர்ந்த பேரிங்கில் ஹப் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை சாய்ந்து நிமிரும், சீலின் ஒரு ஓரம் நசுங்கி மறு ஓரம் திறக்கும். எந்தக் கம்பெனி சீலும் அதைத் தாங்காது. வலது பக்கம் வளைக்கும்போது பாரம் இடது சக்கரத்தில் விழுகிறது, அப்போது சத்தம் கூடுகிறது என்றால் அந்தப் பேரிங் அழுகிறது என்று அர்த்தம். ஆட்டிப் பார்க்காமலே எனக்குப் பதில் தெரியும், ஆனாலும் உங்கள் கையால் ஒரு தடவை பாருங்கள்.

பேரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். காற்றடித்துக் கிர்ரென்று சுற்றவிடுகிற விளையாட்டு பட்டறைப் பையன்களுக்கு ரொம்பப் பிடிக்கும். வேண்டாம், ரோலர்களைப் பிடித்திருக்கும் கூடு தெறித்தால் கண் போகும். துணியால் துடைத்து, வெயிலில் பிடித்துக்கொண்டு ரோலர்களை ஒவ்வொன்றாக உருட்டிப் பாருங்கள். பிறகு ஹப்புக்குள் இருக்கும் கப்பின், அதாவது பேரிங்கின் வெளி வளையத்தின், உள்முகத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்துச் சுற்றிவரப் பையத் தேயுங்கள். நல்ல கப் கண்ணாடி மாதிரி இருக்கும், நகம் எங்கும் நிற்காது. உங்கள் கப்பின் அடிப்பக்கத்தில் ரோலர் அளவு இடைவெளி விட்டுச் சின்னச் சின்னக் கறுப்புக் கோடுகள் தெரியும் என்று நினைக்கிறேன். தண்ணீர் புகுந்த ஹப் நாள்கணக்கில் அசையாமல் நின்றால், ஒவ்வொரு ரோலரும் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் துரு ஒரு கோடு தின்றுவிடும். அப்புறம் ஓடும்போது ஒவ்வொரு ரோலரும் அந்தக் கோட்டில் இடறி இடறிப் போகும். நீங்கள் கேட்கிற 'ஊ' அதுதான். எமரி பேப்பர் போட்டுத் தேய்த்து மறைக்க முடியாது. நீலம் பாரித்திருந்தாலும், செதில் பெயர்ந்திருந்தாலும் அதே தீர்ப்பு: மாற்ற வேண்டியதுதான்.

மாற்றும்போது கோனும் (ரோலர்களோடு இருக்கும் உள் வளையம்) கப்பும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். கப்பை அடித்து இறக்குவது கஷ்டம் என்று பழைய கப்பிலேயே புதுக் கோனைப் போடுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். பழைய கோடு புது ரோலரையும் தின்னும். கப்பை எடுக்க ஹப்பின் மறுபக்கத்திலிருந்து பித்தளை ராடு வைத்து, எதிரெதிர் ஓரமாக மாற்றி மாற்றித் தட்டுங்கள். புதுக் கப்பை ராத்திரி பிரிட்ஜில் ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஹப்பை மத்தியானம் வெயிலில் போடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு இப்படியும் ஒரு உபயோகம் இருக்கிறது. பழைய கப்பின் வெளிப்புறத்தைக் கிரைண்டரில் ஒரு சுற்றுத் தேய்த்து வைத்துக்கொண்டால், புதியதை அதன் மேல் வைத்தே அடித்து இறக்கலாம், அது உள்ளே சிக்கிக்கொள்ளாது. அடியில் போய் உட்கார்ந்ததும் சுத்தியல் சத்தம் மாறும், காதுக்கே தெரியும்.

கப் ஹப்புக்குள் கையாலேயே நுழைந்துவிட்டால் அது கெட்ட செய்தி. கப் உள்ளே சுற்றி ஹப்பைத் தேய்த்திருக்கிறது. அதற்குச் சென்டர் பஞ்சால் புள்ளி புள்ளியாகக் குத்தி இறுக்குகிற வைத்தியம் பட்டறைகளில் உண்டு. அந்தப் புள்ளிகள் ஒரு மாதத்தில் தேய்ந்துவிடும், பேரிங் கோணலாகவும் உட்காரும். பேட்டை பக்கம் நல்ல லேத்துக்காரர் யாரிடமாவது கொடுத்து உள்ளே ஸ்லீவ் என்கிற உலோக உறை போட்டு அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

பேரிங்குக்கு அடுத்து ஸ்பிண்டில். சீலின் உதடு உட்காரும் வளையத்தைத் துடைத்து அங்கேயும் நகத்தை வைத்துப் பாருங்கள். எண்பது வருஷமாக ஒரே இடத்தில் உரசி ஒரு பள்ளம் விழுந்திருக்கும். 1942 முதல் 1945 வரை செய்த வண்டிகள் இவை. நகம் இடறினால் புதுச் சீலின் உதடு அந்தப் பள்ளத்தில் தொங்கிக்கொண்டுதான் நிற்கும். உங்கள் மெக்கானிக் மாற்றிய இரண்டு சீலும் ஒருவேளை இப்படியே போயிருக்கலாம். மெல்லிய ரிப்பேர் ஸ்லீவ் கிடைத்தால் அதன் மேல் ஏற்றலாம், இல்லையென்றால் லேத்தில் பிடித்து ஒரு புஷ் ஏற்றலாம். இரண்டுக்கும் முடியவில்லை என்றால் என் பழைய வழி ஒன்று உண்டு: சீலைக் கடைசி வரை அடித்து இறக்காமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே நிறுத்தினால் உதடு பள்ளத்தை விட்டு விலகிப் புது இடத்தில் ஓடும். வேறெதிலும் உரசவில்லை என்று பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.

இப்போது சீல் வாங்கலாம். அந்தக் காலத்துச் சீல்களில் பெரும்பாலும் உதடு தோலால் ஆனது. வண்டி சும்மா நின்றால் தோல் காய்ந்து சுருங்கும், ஒழுகும். பழைய ஸ்டாக் தோல் சீல் அபூர்வமாகக் கிடைத்தால் வாங்கி அலமாரியில் வைத்து அழகு பாருங்கள், சக்கரத்துக்கு ரப்பர் சீலே போதும். இந்த வண்டிக்கு என்று கேட்டால் எந்தக் கடையிலும் கையை விரிப்பார்கள். வெர்னியரால் மூன்று அளவு எடுத்துக்கொண்டு போங்கள்: ஸ்பிண்டிலின் வெளிவிட்டம், ஹப் வாயின் உள்விட்டம், அகலம். வண்டி அமெரிக்காவில் செய்தது, அளவெல்லாம் அங்குலத்தில் இருக்கும். ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர். கடைக்காரர் "கிட்டத்தட்ட இதுதான் அண்ணாச்சி, தட்டினால் போயிரும்" என்பார். தட்டினால் போவதும் ஒழுகும், தட்டாமலே போவதும் ஒழுகும். அளவு சரியாக இருக்க வேண்டும். பேரிங்குக்கு இந்தத் தொல்லை இல்லை, கோனின் முகத்திலும் கப்பிலும் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணைக் காட்டினால் திருநெல்வேலியில் இல்லாவிட்டாலும் மதுரையிலிருந்து வரவழைத்துவிடுவார்கள்.

சீலை மாட்டும்போது ஸ்பிரிங் தெரிகிற பக்கம் எதைத் தடுக்கிறோமோ அதைப் பார்த்து இருக்க வேண்டும். உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுங்கள், உலர்ந்த உதடு முதல் கிலோமீட்டரிலேயே கருகிவிடும். தட்டையான கட்டையை வைத்து நேராக இறக்குங்கள். அப்புறம் ஹப்பை ஏற்றுகிற நேரம். பாதிச் சீல்கள் சாவது இந்த இடத்தில்தான். ஹப்பும் டிரம்மும் சேர்ந்து நல்ல கனம். தூக்கிக்கொண்டுவந்து ஸ்பிண்டிலில் நுழைக்கும்போது கை தளர்ந்தால் மொத்தக் கனமும் சீலின் உதட்டில் விழும், ஸ்பிண்டில் மரை அதைக் கத்தி மாதிரி அறுக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மரையின் மேல் பிளாஸ்டிக் காகிதம் சுற்றிக்கொள்ளுங்கள். ஒரு பலகையில் கிரீஸ் தடவி, கட்டை வைத்துச் சரியான உயரத்துக்குக் கொண்டுவந்து, ஹப்பை அதன் மேல் வைத்துத் தள்ளிக்கொண்டே போனால் ஒரே ஆள் நிதானமாக ஏற்றிவிடலாம்.

கிரீஸைப் பற்றி ஒரு வார்த்தை. இடது உள்ளங்கையில் ஒரு எலுமிச்சம்பழம் அளவு வீல் பேரிங் கிரீஸ் எடுத்து, கோனின் அகலப் பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுங்கள். ரோலர்களுக்கு இடையே புழு மாதிரி மேலே எட்டிப் பார்க்கும் வரை அழுத்த வேண்டும். கொஞ்சம் திருப்பி மறுபடியும். முழுச் சுற்று முடிய ஐந்து நிமிஷம் ஆகும். மேலே பூசிவிட்டு மாட்டுகிற கிரீஸ் உள்ளே போகாது. அதே சமயம் ஹப்பின் நடுக் குழியை டப்பாவோடு கவிழ்த்து நிரப்பாதீர்கள். அதிகக் கிரீஸ் சூடாகிச் சீலைத் தள்ளிக்கொண்டு டிரம்முக்குள் வரும். பழைய கிரீஸை முழுக்கத் துடைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள், வகை கலந்தால் சில சமயம் இளகி ஓடும்.

நட்டை இறுக்குவதில் கை நிதானம் வேண்டும். ஹப்பைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்குங்கள். சுற்ற முடியாமல் பிடிக்கிற மாதிரி வந்ததும், ஆறில் ஒரு பங்கு சுற்றுப் பின்னால் விடுங்கள். ஹப் தாராளமாகச் சுற்ற வேண்டும், பிடித்து ஆட்டினால் கைக்கு ஆட்டம் தெரியக் கூடாது. ஆட்டத்தை அளக்கிற டயல் கேஜ் இருந்தால் 0.03 முதல் 0.13 மில்லிமீட்டர் வரைக்கும் சரி. லாக் வாஷர், வெளி நட், இறுக்கம், பிறகு மறுபடி ஆட்டிப் பாருங்கள். வெளி நட் இறுகும்போது மரையின் இடைவெளி போய் உள் பேரிங் இன்னும் இறுகியிருக்கும். சரியாக இருந்தால்தான் வாஷரின் காதை மடக்க வேண்டும். உளியும் சுத்தியலும் வைத்து இந்த நட்டைத் திருப்பாதீர்கள், ஒரு குழாயில் பாக்ஸ் ஸ்பானர் செய்துகொள்ளுங்கள். கடைசியாக ஷாஃப்டின் தலைக்குப் புதுக் கேஸ்கட்.

பிரேக் லைனிங் நனைந்திருக்கும். பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினால் எண்ணெய் போய்விடும் என்று சொல்லுவார்கள். மேலே காய்ந்தது போலத் தெரியும், டிரம் சூடானதும் உள்ளே ஊறியது மறுபடி கசியும். மாற்றத்தான் வேண்டும், இடது வலது இரண்டு பக்கமும் சேர்த்து. இல்லாவிட்டால் இன்னொரு பக்கம் இழுக்கும். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்துத் துணியை ஒரு பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

வெள்ளம் ஒரு சக்கரத்தை மட்டும் பார்த்து வரவில்லை, மற்ற மூன்றையும் இதே மாதிரி பிரித்தாக வேண்டும். முன் ஆக்ஸிலில் சக்கரம் திரும்புவதற்கான மூட்டு இருப்பதால் வேலை கொஞ்சம் கூடுதல். அதை இந்தப் பின்சக்கரத்தை முடித்துக் கை பழகிய பிறகு தொடுங்கள். எல்லாம் மாட்டியதும் பத்துக் கிலோமீட்டர் ஓட்டி, நான்கு ஹப்பையும் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அந்த நட்டை ஒரு இழை தளர்த்த வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தடவை ஆட்டம் பாருங்கள்.

காரையாறு விஷயம். பாபநாசம் தாண்டி ஏறுவது பெரிதில்லை, இறங்குவதுதான் பெரிது. ஒரு சக்கரம் எண்ணெயில் நனைந்து, இன்னொன்று எப்படி இருக்கிறது என்றே தெரியாத வண்டியில் பத்து உயிரை ஏற்றிக்கொண்டு அந்த இறக்கத்தில் வரவேண்டாம். இந்த வருஷம் பஸ்ஸில் போய்விட்டு வாருங்கள். அடுத்த ஆடிக்குள் நான்கு சக்கரமும் முடிந்துவிட்டால் பார்க்கலாம், அதற்குள் ஆர்.சி. புத்தகத்தில் எத்தனை பேர் என்று போட்டிருக்கிறது என்பதையும் எடுத்துப் பாருங்கள்.

ஹப்பைப் பிரித்ததும் எனக்கு இரண்டு விஷயம் எழுதி அனுப்புங்கள்: உள்ளே கிரீஸ் கெட்டியாக இருந்ததா, ரசமாக இருந்ததா; கோனின் முகத்தில் என்ன எண். வலது பக்கம் கழற்றும்போது அங்கே வழக்கமான மரைதான், இடது பக்கத்தை நினைத்துக்கொண்டு தலைகீழாகத் திருகிவிடாதீர்கள்.